பிள்ளையார் என்ற பெயரில் ஒரு கோப்பு

தற்காலிகக் கோப்பு என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. சற்று நேரம் இருந்துவிட்டுப் போகப்போகிற பொருள்தானே என்று அதற்கு நல்ல பெயர் வைப்பதில்லை. பூட்டுப் போடுவதில்லை. யார் கண்ணில் பட்டது, யார் கை பட்டது என்று கேட்பதுமில்லை. உங்களில் ஒருவர் அண்மையில் எழுதிய சர்வர் நிரலில் இப்படி ஓர் ஓட்டை இருந்ததாம். சோதனையில் பிடிபட்டபோது அவர், "சின்ன விஷயந்தானே சார்" என்றாராம். உங்கள் தலைவர் இதை என்னிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சொற்களை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த நான், நாற்பதைத் தாண்டிய பிறகு கம்ப்யூட்டர் ஆசை பிடித்து வேலையை விட்டேன். கோவையில் கணபதி என்ற பகுதியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். கீழே இரும்பு கடையும்போது மேலே டீ கிளாஸ் மேசையில் தானாக நகரும். முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். பம்பு கம்பெனி, ஸ்பின்னிங் மில், பவுண்டரி என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். இன்று நினைத்தாலும் என் வாழ்க்கையின் நல்ல ஆண்டுகள் அவை. காலையில் எழுந்தால் வேலைக்குப் போகவேண்டுமே என்று ஒருநாளும் சலித்ததில்லை. அந்த நிறைவில் கலந்த கசப்பு ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சூலூரைத் தாண்டி ஒரு நூற்பாலை. அங்கே ஏசி அறைக்குள் யூனிக்ஸ் சர்வர் ஒன்று இருந்தது. கோயிலுக்குள் போவதுபோல் செருப்பை வெளியே விட்டுத்தான் அந்த அறைக்குள் போவார்கள். அதிலிருந்து வயர் இழுத்து மில்லின் பல பிரிவுகளில் டெர்மினல்கள், அதாவது திரையும் கீபோர்டும் மட்டும், வைத்திருந்தோம். நான் எழுதிய நிரல்களில் முக்கியமானது பஞ்சுக் கலவைக்கானது. பல ஊர்ப் பஞ்சுப் பொதிகளை ஒரு கணக்கில் கலந்துதான் நூல் நூற்பார்கள். கலவை பிசகினால் நூலைச் சாயம் போடும்போது துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். எந்த ஷிப்டில் எந்தப் பொதிகள் கலந்தன என்ற விவரம் முழுவதும் சர்வரில் ஒரே கோப்பில் இருந்தது. அதைக் கலவைக் கோப்பு என்று சொல்வோம். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் டெர்மினலில் இருப்பவர் என் நிரலை ஓட்டிப் புது விவரத்தைச் சேர்க்க வேண்டும்.

இனி பிள்ளையார் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளிக்கு எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போட வேண்டும். டீக்கடைக்காரருக்குச் சீட்டு எழுதினாலும் மேலே சுழி இருக்கும். நிரலுக்கும் சுழி வேண்டும் என்றார். அந்த டெர்மினல்களில் தமிழ் எழுத்து வராது. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நிரல் தொடங்கியதும் முதல் வேலையாகப் பிள்ளையார் என்ற பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறக்கும். தொடங்கிய நேரத்தை அதில் முதல் வரியாக எழுதும். இடைக்கணக்குகளையும் அதிலேயே போட்டுக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடும். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். போகிற இடமெல்லாம், "நம்ம புரோகிராம் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுத்தானுங்க வேலையே ஆரம்பிக்கும்" என்று சொல்லிக்கொள்வார். கேட்டவர்களுக்கும் பிடித்திருந்தது. இப்படியாக எங்கள் தற்காலிகக் கோப்பின் பெயர் கோவை வட்டாரத்து மில்களில் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

அந்தக் கோப்பு சர்வரின் 'டெம்ப்' என்ற பொது இடத்தில் இருந்தது. கல்யாண மண்டபம் மாதிரி அது. லாகின் உள்ள எவரும் அங்கே எதையும் வைக்கலாம். என் நிரலுக்கோ சர்வரில் முழு அதிகாரம் இருந்தது. எல்லாக் கோப்புகளிலும் எழுத வேண்டியிருந்ததால் அப்படிக் கொடுத்திருந்தேன். பொது இடம், ஊருக்கே தெரிந்த பெயர், முழு அதிகாரம். மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று கணிதம் படித்த எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்கிறீர்களா? ஒரு முறை தோன்றத்தான் செய்தது.

தொடக்கத்திலேயே ஒரு நாள், இரண்டு டெர்மினல்களில் ஒரே நேரத்தில் நிரலை ஓட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் ஒரே பிள்ளையார். ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கின் மேல் ஏறி, இல்லாத பொதிகள் எல்லாம் தாளில் அச்சாகி வந்தன. அப்போதே கோப்பின் பெயரையும் இடத்தையும் மாற்றியிருக்க வேண்டும். நான் நிரலைத் தொடவில்லை. "ஓட்டறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் ஊர் மனிதர்கள் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். "அண்ணா, நான் போட்டுக்கறேனுங்க" என்று இந்த அறையிலிருந்து ஒரு குரல் போகும். "போட்டுக்கோங்க கண்ணு" என்று அந்த அறையிலிருந்து பதில் வரும். நிரலில் போட வேண்டிய பூட்டுக்குப் பதிலாக நான் அவர்களுடைய மரியாதையை நம்பினேன். மரியாதை தெரிந்தவர்கள் மட்டுமே சர்வருக்கு வருவார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

கலவைப் பிரிவு டெர்மினலில் வேலை பார்த்தவள் ஸ்டெல்லா. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பெற்றோர் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். சூலூரில் டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் படித்து, அவர்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள். பேச்சில் துடுக்கு. முதல் நாள் நான் பிள்ளையார் கதையைச் சொன்னதும், "எனக்குப் பிள்ளையாரும் ஒண்ணு, மாதாவும் ஒண்ணுதானுங்க சார். என்டர் அடிச்சா வேலை நடக்கோணும்" என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் மில்லிலிருந்து போன் வந்தது. கலவைக் கோப்பு காலியாகிவிட்டது, உடனே வர வேண்டும் என்றார்கள். அந்த வாரம்தான் திருப்பூரிலிருந்து ஒரு வியாபாரி, துணியில் பட்டை விழுகிறது என்று நூலைத் திருப்பி அனுப்பியிருந்தார். எந்தக் கலவையில் பிசகு என்று மேனேஜர் மறுநாள் பார்ப்பதாக இருந்தார். பார்ப்பதற்கு முன் கோப்பு போய்விட்டது. நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது ஏசி அறையில் மேனேஜரும் இரண்டு சூப்பர்வைசர்களும் நின்றிருந்தார்கள். கதவோரம் ஸ்டெல்லா.

"நம்ம புரொபசர் வந்துட்டாருங்க. இனிக் கவலையில்லை" என்றார் மேனேஜர். கல்லூரியை விட்டு வந்த பிறகும் அவருக்கு நான் புரொபசர்தான்.

கலவைக் கோப்பைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. நிரல் தொடங்கிய நேரம். பிள்ளையாரில் எழுத வேண்டிய வரி இங்கே எப்படி வந்தது? டெம்ப் இடத்தைப் பார்த்தேன். பிள்ளையார் அங்கே இருந்தது. ஆனால் அது கோப்பு இல்லை, லிங்க். அதாவது ஒரு கைகாட்டி. பெயர்தான் பிள்ளையார், கை காட்டுவது கலவைக் கோப்பை. யாரோ ஒருவர் முன்கூட்டியே அந்தப் பெயரில் கைகாட்டியை நட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார். கலவைக் கோப்பைத் தொடும் உரிமை அவருக்கு இல்லை. என் நிரலுக்கு இருந்தது. ஸ்டெல்லா வழக்கம்போல் நிரலை ஓட்டியதும், அது பிள்ளையாரைத் திறப்பதாக நினைத்துக் கலவைக் கோப்பைத் திறந்து, பழையதை எல்லாம் துடைத்துவிட்டுத் தன் சுழியை அங்கே போட்டிருக்கிறது. பிறகு படிப்பதற்குக் கலவை விவரம் எதுவும் இல்லாமல் பாதியில் நின்றுவிட்டது. அப்படி நின்றதால்தான் கைகாட்டி அழியாமல் இருந்தது. அதை உண்டாக்கியவரின் லாகின் பெயரும் பக்கத்திலேயே தெரிந்தது. கலவைக்குப் பொறுப்பான சூப்பர்வைசர்களின் லாகின்.

இதையெல்லாம் புரிந்துகொள்ள எனக்குச் சில நொடிகளே ஆயின. அந்த நொடிகளில் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் கேட்டார்.

"ஏனுங்க புரொபசர், நம்ம புரோகிராம்ல ஏதாச்சுமுங்களா?"

இந்தக் கேள்வி உங்களையும் ஒருநாள் தேடி வரும். வரும்போது நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். யோசிக்க நேரம் இருக்காது. நாம் எப்படிப்பட்டவர் என்று நினைத்திருந்தோமோ, அதற்கு அங்கே வேலையில்லை.

நான் சொன்னேன்: "புரோகிராம்ல ஒண்ணுமில்லைங்க. ஓட்டும்போது ஏதோ தப்பா அழுத்தியிருப்பாங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் அந்தக் கைகாட்டியை அழித்துவிட்டன.

மேனேஜர் திரும்பினார். "வயக்காட்டுல இருந்த புள்ளையக் கொண்டாந்து கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சா இப்படித்தான் ஆகும்னு அப்பவே சொன்னனுங்க" என்றார்.

"சார், நான் தினமும் அழுத்தறதத்தானுங்க அழுத்துனேன்" என்றாள் ஸ்டெல்லா.

"புரொபசரே சொல்றாரு. நீ அவருக்கு மேல படிச்சுப்போட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். மேனேஜரும் நானும் ஒரே மாதிரிக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர் சொன்ன வார்த்தைகள் எங்கள் வீட்டிலும் புழங்குகிறவைதான். அவர் என்னை நம்புவதற்கும் அவளை நம்பாமல் போவதற்கும் என் படிப்பு மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதில் குளிர்காய்ந்தேன்.

முந்தின மாதக் கடைசியில் நகல் எடுத்துவைத்த டேப்பிலிருந்து பழைய விவரங்களை மீட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிந்தைய விவரம், பட்டை விழுந்த நூலின் கலவை உட்பட, போனது போனதுதான். புறப்பட்டபோது மில் கேட்டுக்குப் பக்கத்தில் சிமென்ட் திட்டில் ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

மறுநாள் முதல் வேலையாக நிரலைத் திருத்தினேன். தற்காலிகக் கோப்பை, நிரலைத் தவிர வேறெவரும் நுழைய முடியாத தனி இடத்துக்கு மாற்றினேன். யாராலும் ஊகிக்க முடியாத புதுப் பெயர் ஒவ்வொரு முறையும் வரும்படி செய்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் தொடாமல் நின்றுவிட வேண்டும் என்றும் எழுதினேன். மொத்தமே ஒரு காலை நேர வேலை. பிளாப்பியில் புது வெர்ஷன் நம்பர் எழுதி ஒட்டி, மில்லுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்தேன்.

சில நாள் கழித்து முதலாளி என் மேசைக்கு வந்தார். கையில் அந்தப் பிளாப்பி.

"மில்லுல இருந்து பேசுனாங்க. அந்தப் புள்ளையோட கணக்கை முடிச்சு அனுப்பப்போறாங்களாமா. நம்ம புரோகிராம்ல ஒண்ணுமில்லைன்னு நீங்கதான் சொன்னீங்களாட்ட இருக்குது."

"ஆமாங்க."

"ஒண்ணுமில்லாத புரோகிராமுக்கு ஏனுங்க புது வெர்ஷன்?"

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓட்டிப் பாத்தனுங்க" என்றார். "பிள்ளையாரைக் காணோம்."

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைகாட்டியை அழித்ததையும் சொன்னேன். அவர் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சித்த நேரம் பிளாப்பியின் தகட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பெரிய தத்துவம் எதையும் சொல்லவில்லை.

"நீங்க போய்ச் சொன்னீங்கன்னா மில்லு நம்ம கையை உட்டுப் போயிரும். சொல்லலைன்னா அந்தப் புள்ளை வேலை போயிரும். எனக்கு மில்லு வேணுமுங்க. அதுல பொய் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. ஆனா சொல்லாதீங்கன்னு உங்ககிட்டச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரமாட்டேங்குது" என்றார். எழுந்து போகும்போது, "சுழியை நான்தான் போடச் சொன்னேன்னும் சேத்துச் சொல்லிப்போடுங்க" என்றார்.

மேனேஜரிடம் போவதற்கு முன் ஸ்டெல்லாவிடம் போவதுதான் முறை என்று தோன்றியது. சூலூருக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருப்பு. அவளுடைய அம்மா பதறிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார். ஸ்டெல்லா சுவரோரம் நின்றாள்.

"மில்லுல இருந்து அனுப்புனாங்களா சார்?"

"இல்லை. நானா வந்தேன்." நடந்ததைச் சொன்னேன். கைகாட்டி என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அன்னைக்கு மத்தியானமே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"நான் மில்லு கேட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தப்ப வண்டியில போனீங்களே. அப்பவுமா?"

"அப்பவும்."

அவள் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"எங்கப்பா கேட்டாருங்க சார். 'நெசத்தச் சொல்லு கண்ணு, தெரியாம எதையாச்சும் அழுத்திப்போட்டியா'ன்னு. மொதல்ல இல்லைன்னுதான் சொன்னேன். அவரு மறுக்கா மறுக்காக் கேக்க, புரொபசர் சொன்னா தப்பாவா இருக்கும், அழுத்தித்தான் இருப்பனாட்ட இருக்குதுன்னு நானே நம்பிப்போட்டனுங்க. எந்த விரல்ல அழுத்துனேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டுப் படுத்திருந்தேன்."

இதைத்தான் நீங்கள் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மற்ற பிழைகளை எல்லாம் திருத்திவிட்டேன். செய்யாத தப்பைச் செய்ததாக ஒரு பெண் தன் விரல்களையே சந்தேகப்பட வைத்தேனே, அதைத் திருத்த எனக்கு எந்த வெர்ஷனும் கிடைக்கவில்லை. "தப்பாக அழுத்தியிருப்பார்கள்" என்று சொல்வது நம் தொழிலில் மிகச் சுலபம். கேட்பவர்களும் நம்புவார்கள். அழுத்தியவரும் நம்பிவிடுவார். அதனால்தான் அது கொடுமை.

"மேனேஜர்கிட்ட இன்னைக்கே சொல்றேன்" என்றேன்.

"சொன்னா நம்புவாருங்களா? அந்த லிங்க்கத்தான் நீங்க அழிச்சுப்போட்டீங்களே."

"செஞ்சு காட்டறேன்."

"அப்ப நானும் வாரேன்" என்றாள். "அன்னைக்கு அழுத்துன மாதிரியே நானே அழுத்தறனுங்க. அவரு பாக்கோணும்."

அன்றே மேனேஜரும் ஸ்டெல்லாவும் நானும் அந்த ஏசி அறையில் இருந்தோம். மேனேஜர் ஸ்டெல்லாவைப் பார்த்து முகம் சுளித்தார். நான் நிற்கும்போதே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது.

"தப்பு என் புரோகிராம்லதாங்க. அன்னைக்கே தெரியும். மறைச்சுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. புரோகிராம் எப்படித் தப்புச் செய்யும், யாராவது அழுத்தாமல் கோப்பு எப்படி அழியும் என்றார். கலவைக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்தேன். எனக்கு எந்த அதிகாரமும் இல்லாத சாதாரண லாகினில் நுழைந்தேன். அந்த நகலை அழிக்க முயன்றேன். உரிமை இல்லை என்று திரை சொன்னது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பிறகு ஒரே ஒரு வரி தட்டிப் பிள்ளையார் என்ற கைகாட்டியை அந்த நகலை நோக்கி வைத்தேன். பழைய வெர்ஷனை, அந்த நகலையே கலவைக் கோப்பாக எடுத்துக்கொள்ளும்படி போட்டுவிட்டு எழுந்துகொண்டேன்.

ஸ்டெல்லா உட்கார்ந்தாள். தினமும் தட்டுவதைத் தட்டினாள். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். என்டரை அழுத்தினாள். நகலைத் திறந்து காட்டினேன். ஒரே வரி.

"மறுக்கா செய்யுங்க" என்றார் மேனேஜர்.

மறுபடி நகல் எடுத்தோம். மறுபடியும் ஒரே வரி.

"இருங்க. நான் அழுத்தறேன்." ஸ்டெல்லா எழுந்து இடம்விட்டாள். நான் இன்னொரு நகல் வைத்தேன். அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். அவள் பக்கத்தில் நின்று சரிபார்த்துக்கொடுத்தாள். என்டர். திறந்து பார்த்தோம். ஒரே வரி.

"சார்" என்றாள் ஸ்டெல்லா, மெதுவாக. "இப்ப நீங்கதான் அழிச்சுப்போட்டீங்கன்னு சொல்லலாங்களா?"

மேனேஜர் தன் விரலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்களை நம்பித்தானுங்க இந்தப் புள்ளையை வெளிய அனுப்பிச்சேன்" என்றார். நான் தலையாட்டினேன். "ஆரு வெச்சது அந்த லிங்க்கை? பேரைச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் லாகின் என்று தெரியும். ஆனால் அந்த லாகினை மூன்று பேர் பயன்படுத்தினார்கள். பாஸ்வேர்டை டெர்மினலின் பக்கவாட்டில் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் எந்த டெர்மினலிலிருந்து யார் நுழைந்திருந்தார்கள் என்பதை அன்றே பார்த்திருந்தால் ஒருவேளை பிடித்திருக்கலாம். தடயத்தைத் துடைத்தவன் நான். இப்போது வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னால், ஸ்டெல்லாவுக்குச் செய்ததை இன்னொருவருக்கும் செய்தவனாவேன். "சொல்ல முடியாதுங்க. அதுக்கும் நான்தான் காரணம்" என்றேன். கலவையில் பிசகியது யார் என்பது அந்த மில்லில் கடைசிவரை தெரியவில்லை. நீங்கள் நேர்மையாக இருக்கிறீர்களோ இல்லையோ, முதலில் எதையும் அழிக்காதீர்கள். பிறகு நேர்மை திரும்பி வந்தாலும் அதற்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

மேனேஜர் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார். "சரி, நாளைக்கு வந்து வேலையைப் பாரு" என்றார்.

"நாளைக்கு முடியாதுங்க சார்."

"ஏன்?"

"திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வரச் சொல்லியிருக்காங்க. மில்லு வேலையை ஏன் உட்டேன்னு கேப்பாங்கன்னுதான் போகலாமா வேண்டாமான்னு இருந்தேன். இப்பச் சொல்றதுக்குப் பதில் இருக்குதுங்க. போய்ப் பாத்துட்டு வாரேன்."

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என்னிடம் கேட்டாள். "சார், திருப்பூர்க்காரவிய நம்பலைன்னா உங்க ஆபீஸ் நம்பரைக் குடுக்கலாங்களா?"

"குடுங்க" என்றேன்.

அடுத்த ஆண்டு மில் எங்களை விட்டு வேறு கம்பெனிக்குப் போனது. முதலாளி அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசவில்லை. இரண்டு பவுண்டரிகளைப் பிடித்துச் சரிக்கட்டிவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

ஆனால் மில் போவதற்கு வெகு முன்பே, நாங்கள் செய்துகாட்டிய அதே வாரத்தில், திருப்பூரிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. கனத்த குரல். பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம்.

"ஏனுங்க, ஸ்டெல்லான்னு ஒரு புள்ளை உங்க நம்பரைக் குடுத்துதுங்க. மில்லுல ஏதோ பைல் அழிஞ்சு போச்சு, ஆனா தப்பு அதும்மேல இல்லைங்குது. நெசமுங்களா?"

"நெசமுங்க. தப்பு நான் எழுதின புரோகிராம்ல."

"நீங்களே சொல்றீங்களா?"

"நானேதான் சொல்றேனுங்க." கைகாட்டியையும் நான் அதை அழித்ததையும் முகம் தெரியாத அந்த மனிதரிடம் முழுக்கச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இடையில் ஒருமுறை, "அட" என்றார்.

"சரிங்க" என்றார் கடைசியில். "அந்தப் புள்ளையை எடுத்துக்கறோம். எங்களுக்கும் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதோணும்னுதான் ஆள் தேடிட்டிருந்தோம். தப்பா நெனச்சுக்காதீங்க, அதுக்கு வேற ஆரையாச்சும் பாத்துக்கறோமுங்க."

இரண்டுமே சரியான முடிவு என்று சொன்னேன்.